நான் கொடுத்த இரண்டாவது தண்டனை

அன்பால் இந்த அவையை ஆண்டு, அமைதியால் எங்களை அமரவைத்திருக்கும் தலைவர், நம் ஆயத்த ஆடைத் தொழிலகச் சங்கத்தின் மூத்தவர் ஐயா சாகுல் ஹமீது அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மேன்மைமிகு பெரியோர்களே! திண்டுக்கல் நகரத்திலிருந்தும் வடமதுரையிலிருந்தும் சின்னாளபட்டியிலிருந்தும் இயந்திரங்களை ஒரு பொழுது நிறுத்திவிட்டு வந்திருக்கும் தொழிலதிபர்களே! நூல் கோத்து, நுணுக்கம் சேர்த்து, பிறர் பிள்ளைகளைப் பள்ளிக்கு உடுத்தி அனுப்பும் என் தாய்மார்களே, தங்கைமார்களே! உங்கள் அனைவரின் முன்பும் கிளாரா என்னும் இந்தச் சீருடைத் தையல்காரி தலைதாழ்த்தி நிற்கிறேன்.

சற்று முன் தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். முப்பதாண்டுகளில் ஒரு தையல் இயந்திரத்தை நாற்பத்திரண்டாக வளர்த்த சாதனைப் பெண்மணி என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நன்றி. ஆனால், நான் வெற்றி பெற்ற வரலாறு அழைப்பிதழிலேயே அச்சாகியிருக்கிறது. அதை நீங்கள் வீட்டில் படித்துக்கொள்ளலாம். நான் தோற்ற வரலாறு எங்கும் அச்சாகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

தலைவர் சீட்டு அனுப்புகிறார், பந்தி தயாராகிவிட்டதாம். ஐயா, பிரியாணியின் வாசனை எனக்கும் வருகிறது. சுருக்கமாகவே சொல்கிறேன். ஆனால் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

என் தொழிலகத்தில் ஜெயமேரி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். வயது முப்பத்திரண்டு. ஒல்லியான உடம்பு, உரக்கப் பேசாத வாய், ஓயாத கை. திருப்பூரில் மூன்று வருடம் தைத்தேன் என்று சொல்லி வந்தாள். ஒரு சட்டையை வெட்டிக் கொடுத்துத் தைக்கச் சொன்னேன். அவள் காலர் வைத்த அழகைப் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் அன்றே சேர்த்துக்கொண்டேன்.

தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், காலர் என்பது என்ன பாடு என்று. முனை மழுங்கினால் சட்டையே மழுங்கிப்போகும். ஜெயமேரி வைத்த காலரில் முனை முனையாக நின்றது. இடப்பக்கமும் வலப்பக்கமும் இரட்டைப் பிறவிகளைப் போல ஒத்திருந்தன. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் நான்காயிரம் சீருடைகள் போக வேண்டும். மற்றவர்கள் பதறுவார்கள், படபடப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் மேல் எரிந்து விழுவார்கள். நானும் விழுவேன், என்னிடம் தைக்கும் பிள்ளைகள் அங்கே தலையாட்டுகிறார்கள், பாருங்கள். ஆனால் ஜெயமேரி ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. யாராவது சண்டைக்கு வந்தால் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். இது என்ன பொறுமை என்று வியந்தேன். அந்தப் பொறுமைக்கு அவள் கொடுத்த விலை எனக்குத் தெரியாது.

வேலை நிலைத்ததும் வாடகைக்கு ஓர் அறை பிடித்தாள். அதுவரை வடமதுரையில் அக்காள் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்த மகளை அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டாள். கணவன் எப்போதோ போய்விட்டவன். சாயங்காலம் மகள் பள்ளி விட்டு எங்கள் வாசலுக்கு வருவாள். தாயும் மகளும் ஒரே குடையில் நடந்து போவதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

பதினான்கு மாதங்கள் இப்படிப் போயின. அவளை மேற்பார்வையாளராக உயர்த்தலாம் என்று நினைத்தேன். அலுவலகக் கோப்புக்குத் தையல் பயின்ற சான்றிதழ் வேண்டும், கொண்டு வா என்றேன். தலையாட்டினாள். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு நாள் சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே இருந்தாள் என்று பிறகுதான் அறிந்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். மேஜை மேல் ஒரு காகிதத்தை வைத்தாள். தையற் பயிற்சியில் முதல் வகுப்பில் தேறியதற்கான சான்றிதழ்தான். பெயர் சரி, தேதி சரி. அடியில் இருந்த முத்திரையைப் படித்தேன். பெண்கள் சிறைச்சாலை என்றிருந்தது.

அன்பானவர்களே, எண்ணிப் பாருங்கள். அரசாங்கம் அவளுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்தது. அதற்குச் சான்றும் கொடுத்தது. ஆனால் அந்தச் சான்றைக் காட்டினால் வேலை போகும், காட்டாவிட்டால் உயர்வு போகும். அவளுடைய தகுதியும் தழும்பும் ஒரே தாளில் இருந்தன!

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நம் ஊரில் தண்ணீருக்கு நாம் படும் பாட்டை நான் சொல்லவா வேண்டும்? பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்த ஒரு கோடையில், தெருக்குழாயடியில் வரிசைச் சண்டை. பக்கத்து வீட்டுப் பேச்சாயி அம்மாள் இவளுடைய குடத்தை நகர்த்தி வைத்திருக்கிறார். வார்த்தை வளர்ந்திருக்கிறது. கையிலிருந்த பித்தளைக் குடத்தை இவள் வீசியிருக்கிறாள். குடத்தின் விளிம்பு அந்த அம்மாளின் முகத்தில் பட்டு, ஒரு கண் போய்விட்டது. வழக்கு, தீர்ப்பு, மூன்றாண்டுச் சிறை.

"நான் செய்யலன்னு சொல்லலம்மா. நான்தான் செஞ்சேன். செத்த நேரம் கோவம், அம்புட்டுத்தான். அந்தம்மாவுக்கு ஆயுசுக்கும் கண்ணு இல்ல" என்றாள் ஜெயமேரி.

குற்றத்தைக் குறைக்கவில்லை. யார் மேலும் சுமத்தவில்லை. உண்மையைச் சுமந்துகொண்டு என்னை நம்பி வந்து நின்றாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டாமா?

நான் சொன்னது இது: "பொய் சொல்லி வேலைக்குச் சேந்திருக்க."

அவள் அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "உண்மையும் சொன்னேம்மா. இங்க சேர்றதுக்கு எட்டு மாசம் முன்னாடி இதே கேட்டுக்கு வந்தேன். தையல் தெரிஞ்ச பொம்பளைக தேவைன்னு போர்டு தொங்குச்சு. ஜெயில்ல கத்துக்கிட்டேன்னு சொன்னேன். ஆள் வேணாம்னு அனுப்பிட்டாக."

எனக்குக் கோபம் வந்தது. என் வாசலில் அப்படி நடக்குமா என்று. எங்கள் மேலாளர் ஆனந்த்ராஜைக் கூப்பிட்டேன். அவர் அவளை உற்றுப் பார்த்தார். முன்பு வாசலில் வந்து நின்றவள் இவள்தானா என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் அப்படியொருத்தி வந்தது நினைவிருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான் உள்ள வந்து உங்ககிட்டக் கேட்டேம்மா. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த பொண்ணாம், என்ன சொல்லன்னு. நீங்கதான் ஆள் வேணாம்னு சொல்லிருங்கன்னீங்க."

எனக்கு நினைவே இல்லை! ஒரு பெண்ணின் வாழ்வைத் திருப்பி அனுப்பிய வார்த்தை, வெட்டு மேஜையிலிருந்து தலை நிமிராமல் நான் சொன்ன வார்த்தை, எனக்கு நினைவில்கூட இல்லை. உண்மை சொன்னபோது உள்ளே விடாதவள் நான். பொய் சொன்னபோது வேலை கொடுத்தவளும் நான். பிறகு, பொய் சொன்னாயே என்று குற்றம் சாட்டியவளும் நானே! அவளுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்தது யார்? என் வாசல் அல்லவா? என் வாய் அல்லவா?

இதைக் கேட்ட பிறகாவது மனம் மாறியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். முன்வரிசையில் அந்த அம்மா நல்ல முடிவை எதிர்பார்த்து என்னைப் பார்க்கிறார்கள். மன்னித்துவிடுங்கள் அம்மா. நான் மாறவில்லை. வெட்கம் வந்தது. அந்த வெட்கம் வீம்பாக மாறியது. நாற்பது பெண் பிள்ளைகள் வேலை பார்க்கும் இடம், பெற்றவர்கள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன்.

பிறகு கேட்டாள்: "கையில பன்னெண்டு காலர் இருக்கும்மா. முடிச்சுக் குடுத்துட்டுப் போகவா?"

சரி என்றேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவள். பன்னிரண்டு காலரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்தாள். ஒரு முனைகூட மழுங்கவில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து, உறை போட்டு மூடினாள். மகள் வாசலில் காத்திருந்தாள். இருவரும் போனார்கள். நான் ஜன்னலுக்குப் போகவில்லை.

மற்றவர்களிடம் ஜெயமேரி சொந்த ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். பாருங்கள், பொய் சொன்னதற்காக ஒருத்தியை அனுப்பிவிட்டு, அதை மறைக்க நாற்பது பேரிடம் பொய் சொன்னேன். பெற்றவர்கள் வந்து கேட்பார்கள் என்றேனே, யாராவது வந்தார்களா? இன்றுவரை ஒருவர்கூட வரவில்லை. வராத கூட்டத்துக்குப் பயந்து, வந்து நின்றவளை விரட்டியிருக்கிறேன்.

மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மாள் தொழிலக வாசலில் வந்து நின்றார். இடக்கண் மூடியே இருந்தது. உள்ளே அழைத்தேன். "ஜெயமேரி இங்கதான வேல பாக்குது? செத்தக் கூப்பிடுங்க" என்றார். நீங்கள் யார் என்று கேட்டேன். பேச்சாயி என்றார்.

கண்ணை இழந்தவர், கண்ணைப் பறித்தவளைத் தேடி வந்திருக்கிறார்! எதற்கு? பழி தீர்க்கவா? இல்லை. தன் பாஷையில் நடந்ததைச் சொன்னார். விடுதலையான வாரத்திலேயே ஜெயமேரி அவர் வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறாள். கதவைச் சாத்தியிருக்கிறார். மறு வாரமும் போயிருக்கிறாள். திட்டி அனுப்பியிருக்கிறார். ஐந்தாறு தடவைக்குப் பிறகு, பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறார். பிறகு மீதமிருந்த கண்ணிலும் பார்வை மங்கத் தொடங்கியது. பிள்ளைகள் வெளியூரில். மாதம் ஒருமுறை மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் கைப்பிடித்து அழைத்துப் போய், வரிசையில் நின்று, மருந்து வாங்கிக் கூட்டி வந்தவள் ஜெயமேரி. ஞாயிற்றுக்கிழமை தவிர மாதம் ஒரே ஒரு நாள்தான் அவள் விடுப்புக் கேட்பாள். எதற்கென்று நான் கேட்டதே இல்லை. மூன்று மாதமாக அவளைக் காணோமே, உடம்புக்கு முடியவில்லையோ என்று பார்க்க வந்திருக்கிறார்.

மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். உங்களுக்குச் செய்த கொடுமையை அறிந்ததால்தான் அனுப்பினேன் என்று, அந்த அம்மாள் முன்னாலேயே என்னை நியாயப்படுத்தப் பார்த்தேன்.

பேச்சாயி அம்மாள் என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கண்ணு போனது எனக்கு. கேஸு குடுத்ததும் நான். மூணு வருஷம் போதும்னு ஜட்ஜய்யா சொன்னாரு, அவளும் இருந்துட்டு வந்துட்டா. நீங்க போட்டது எத்தன வருஷம்மா? அதை யாரு உங்களப் போடச் சொன்னது? நான் சொன்னனா?"

தோழர்களே, தாய்மார்களே! இந்தக் கேள்விக்கு இந்த அரங்கில் பதில் உள்ளவர் யார்? சட்டம் அளந்து கொடுத்த தண்டனைக்கு ஒரு முதல்நாள் உண்டு, ஒரு முடிவுநாள் உண்டு. நாம் கொடுக்கும் தண்டனைக்கு முடிவுநாள் உண்டா? நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேச ஒரு வழக்கறிஞர் இருந்தார். நம் வாசலில் அவளுக்காகப் பேச யார் இருந்தார்? சிறைக்கதவுகூட ஒரு நாள் திறந்தது. திறக்காமல் இருந்தது என் கதவு! இன்று திறக்காமல் இருப்பது உங்கள் கதவு! நாளை இருக்கப்போவது யார் கதவு?

அன்றைக்கே தேடத் தொடங்கினேன். வாடகை அறை காலி. வடமதுரையில் அக்காள் வீட்டில் மகள் மட்டும் இருந்தாள். வேலை போன மறுமாதமே அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டதாகச் சொன்னாள். நான் யாரென்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். வாங்க என்று சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்காள்காரி நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள்.

பேச்சாயி அம்மாளும் என்னோடு வருவேன் என்று பிடிவாதமாகக் காரில் ஏறிக்கொண்டார். நாங்கள் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது. பூ எடுத்து முடித்து, வேன் சந்தைக்குப் போய்விட்டது. வரப்பு ஓரத்து வேப்பமரத்தடியில் ஜெயமேரி சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள். கறுத்திருந்தாள், இளைத்திருந்தாள்.

முதலில் பேசியது பேச்சாயி அம்மாள்தான். "ஏன்டி சொல்லாமப் போன? மூணு மாசமா நான் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்ல" என்றார். ஜெயமேரி அவர் கையைப் பிடித்து நிழலில் உட்காரவைத்தாள். தன் சோற்றில் பாதியைப் பகிர்ந்து கொடுத்தாள். நான் வெயிலிலேயே நின்றேன். எனக்கு அங்கே இடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

பிறகு கேட்டேன். தவறு என்னுடையது, திரும்பி வா, மேற்பார்வையாளர் வேலை உனக்குத்தான் என்றேன். அவள் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபமே இல்லாமல் சொன்னாள்:

"கோவம் இல்லம்மா. ஆனா வரல. ஒரு நூல்கண்டு காணாமப் போனாக்கூட நீங்க என்னையப் பாத்துருவீங்களோன்னு இருக்கும். நீங்க பாக்க மாட்டீக. எனக்குத்தான் அப்படி இருக்கும்."

மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அதே பதில். இன்றுவரை அவள் வரவில்லை. நாட்டிலேயே நல்ல காலர் வைக்கும் விரல்கள் இன்றும் விடியலில் பூப் பறித்துக்கொண்டிருக்கின்றன. பூப் பறிப்பது குறைந்த தொழில் என்று சொல்லவில்லை. அவள் விரும்பிக் கற்ற தொழிலை அவளிடமிருந்து பிடுங்கியவள் நான் என்று சொல்கிறேன். மகள் இன்னும் வடமதுரையில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அம்மாவைப் பார்க்கிறாள். மாதம் ஒருநாள் மதுரைப் பேருந்தில் பேச்சாயி அம்மாளும் ஜெயமேரியும் சேர்ந்து போகிறார்கள். அது ஒன்றுதான் என்னால் கெட்டு, என்னால் அல்லாமல் அவர்களாலேயே சரியானது.

கடைசித் தடவை நான் திரும்பும்போது ஜெயமேரி வரப்பு வரை வந்தாள். "எனக்குக் குடுக்கணும்னு நெனச்ச வேலைய வேற ஆளுக்குக் குடுங்கம்மா. என்கூட உள்ள தைக்கக் கத்துக்கிட்டவுக நெறைய பேரு இருக்காக. வெளிய வந்து எங்க போறதுன்னு தெரியாம நிக்கிறாக" என்றாள். இரண்டு பெயர்களைச் சொன்னாள்.

அந்த இருவரில் தொடங்கினேன். இதுவரை ஏழு பெண்கள் வந்தார்கள். உங்களிடம் அலங்காரம் பேச மாட்டேன். ஒருத்தி ஒரு மாதத்தில் சொல்லாமல் போய்விட்டாள். இன்னொருத்தி சண்டை போட்டுக்கொண்டு போனாள். ஐந்து பேர் இருக்கிறார்கள். சிறையே அறியாதவர்களில் ஏழு பேரைச் சேர்த்தால் ஐந்து பேர் நிலைப்பார்களா என்று இங்கே இருக்கும் முதலாளிகள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். சிரிக்கிறீர்கள். உங்களுக்கே பதில் தெரியும்.

நடுவரிசையில் ஒரு ஐயா எழுந்து கேட்கிறார், நாளைக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று. நல்ல கேள்வி ஐயா, உட்காருங்கள். வேலை கேட்டு வருபவள் என்ன செய்தாள் என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எந்த வேலைக்கு எவர் பொருந்துவார் என்று யோசியுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் கேட்டுவிட்டு, காது கொடுத்துவிட்டு, கையில் ஒரு துணியைக் கொடுத்துத் தைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தலை நிமிராமல் முடிவெடுக்காதீர்கள். நான் எடுத்தேன். வருபவள் சொன்னதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் வேளைக்குப் பேச்சாக்காதீர்கள். ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். ஒரு தாயும் மகளும் பிரிந்திருக்கிறார்களே, ஐயா, அதற்கு யார் பொறுப்பு? நான்தான் பொறுப்பு. இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அதைக் கேட்க எந்த நீதிமன்றமும் என்னை அழைக்கவில்லை.

நான் இங்கே ஜெயமேரியின் கதையைச் சொன்னது அவள் அனுமதியோடு. பெயரை மாற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "என் பேரையே சொல்லுங்கம்மா, நான் ஒளிஞ்சது போதும்" என்றாள். இன்று வருகிறாயா என்றும் கேட்டேன். பூ எடுக்கும் நாள், வர முடியாது என்றுவிட்டாள்.

ஆனால் என்னிடம் இருக்கும் அந்த ஐந்து பேரில் மூவர் இந்த அரங்கில்தான் அமர்ந்திருக்கிறார்கள். இல்லை, திரும்பிப் பார்க்காதீர்கள். தேடாதீர்கள். அவர்கள் யாரென்று நான் சொல்லப்போவதில்லை. ஒருவேளை இன்று காலை உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவராக இருக்கலாம். உங்கள் குழந்தையை வாங்கி மடியில் வைத்திருப்பவராக இருக்கலாம். இவ்வளவு நேரமும் அவர்கள் பக்கத்தில்தான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தீர்கள். தெரிந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருங்கள். நான் உங்களிடம் கேட்பது அவ்வளவுதான்.

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், நேரம் நீட்டித் தந்த தலைவரின் பெருந்தன்மைக்கும், தோல்வியைச் சொல்லவும் ஒரு மேடை தந்த இந்தச் சங்கத்துக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.